மூன்றரை லட்சம் எங்கே போனது? காட்பாடி ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு, என் அனுபவம்

கடைப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பார்க்கிற ஃபண்ட் ஃப்ளோ கணக்கைச் சொல்லித் தருகிற வகுப்பு இது. ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை, கட்டணம் 3,500 ரூபாய், நடுவில் ஒரு டீ, ரெண்டு மசால் வடை. காட்பாடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி ஹால். வெளியே போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒரு வியாபாரி இன்னொருத்தரிடம் சொல்லித்தான் ஆள் சேர்கிறது. எனக்கு ஆம்பூரில் ஷூவின் மேல் பாகமான அப்பர் தைக்கிற யூனிட் வைத்திருக்கும் ஒரு பாய் சொன்னார். நடத்துகிறவர் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பேர் வேண்டாம், எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுகிறோம்.

நான் பள்ளிகொண்டாவில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் சப்மெர்சிபிள், பி.வி.சி. பைப், கேபிள், ஸ்டார்ட்டர், காயில் கட்டுகிற வேலையும் உண்டு. மாசி பிறந்தால் எங்களுக்கு சீசன், ஆடி வரைக்கும் ஓட்டம். ஆனால் வாங்குகிறவர் பாதிப் பேர் விவசாயி, கரும்பு வெட்டி மில் பணம் வந்த பிறகுதான் பாக்கி தீரும், அந்த மில் பணம் எப்போது வரும் என்று கேட்டால் அவர்களே சிரிப்பார்கள். கோயம்புத்தூரில் இருந்து மோட்டார் அனுப்புகிற கம்பெனிக்காரருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

போன வருஷம் சி.சி. லிமிட்டை, அதாவது கடை ஓட்டத்துக்கு வேண்டும்போது எடுத்துக் கட்டுகிற கேஷ் கிரெடிட் கடனின் வரம்பை, 15 லட்சத்தில் இருந்து 25 ஆக்கித் தரச் சொல்லி பேங்குக்குப் போனேன். ஆடிட்டர் ஆபீஸில் சி.எம்.ஏ., அதாவது கடன் கேட்கும்போது பேங்குக்குக் கொடுக்கிற கணக்குப் படிவங்கள், போட்டுக் கொடுத்தார்கள், அதற்கு 5,000 ரூபாய், ஆறு ஃபாரம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாது, கையெழுத்து மட்டும் என்னுடையது. மேனேஜர் நேராகக் கடைசி ஃபாரத்தைத் திருப்பினார். ஆறாவது ஃபாரம்தான் ஃபண்ட் ஃப்ளோ என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு வரியில் பேனாவை வைத்து, "லாபம் ஆறு லட்சம்னு காட்டியிருக்கீங்க, ஒர்க்கிங் கேபிடல் மூணரை லட்சம் குறைஞ்சிருக்கு, அந்தப் பணம் எங்க போச்சு?" என்றார். நான் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் கடை, என் பணம், எங்கே போனது என்று இன்னொருத்தரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்ன அசிங்கம் ரெண்டு நாள் தூங்க விடவில்லை. அதற்கப்புறம்தான் இந்த வகுப்பு.

முதல் ஞாயிறு எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. பெஞ்சில் பாதி பி.காம் பிள்ளைகள், அவர்களுக்கு இதெல்லாம் மேலாண்மைக் கணக்கியல் பேப்பரில் வருகிறதாம், சார் கேட்பதற்கு முன்னாடியே பதில் சொல்கிறார்கள். சரக்கு, வர வேண்டிய பாக்கி, கைக்காசு என்கிற நடைமுறைச் சொத்தில் இருந்து, சீக்கிரம் கொடுக்க வேண்டிய நடைமுறைப் பொறுப்பைக் கழித்தால் நடைமுறை மூலதனம், மேனேஜர் சொன்ன ஒர்க்கிங் கேபிடல் அதுதான், தேய்மானத்தைக் கூட்டு, சொத்து விற்ற லாபத்தைக் கழி, நஷ்டத்தைக் கூட்டு. மந்திரம் மாதிரி. எதற்குக் கூட்டுகிறாய் என்று சார் திருப்பிக் கேட்டதும் ஹால் அமைதியாகிவிட்டது. அப்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் அவர் ஏரிக் கதை சொன்னார். போன வருஷம் ஆடியில் ஏரிக்கரைக் கல்லில் தண்ணீர் மட்டம் குறித்து வைத்திருக்கிறாய், இந்த வருஷம் அதே ஆடியில் மறுபடி குறிக்கிறாய், ரெண்டு கோட்டுக்கும் நடுவில் எந்தக் கால்வாய் வழியாக வந்தது, எந்த மதகு வழியாகப் போனது என்று எழுதினால் அதுதான் ஃபண்ட் ஃப்ளோ. இதுவரை நன்றாகத்தான் இருந்தது. அடுத்து சம்ப், மோட்டார், ஃப்ளோட் வால்வு என்று என் தொழிலுக்குள் இறங்கினார் பாருங்கள், அவர் சொன்ன மாதிரி பைப் மாட்டினால் மோட்டார் ஒரே நாளில் எரிந்துவிடும். டீ நேரத்தில் சொன்னேன், சிரித்துக்கொண்டே நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த பேட்சுக்கு உதாரணம் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த வகுப்பின் மதிப்பு மூன்றாவது ஞாயிறில் இருக்கிறது. அன்றைக்கு அவரவர் ரெண்டு வருஷ பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டு வர வேண்டும், அதை வைத்துத்தான் பாடம். கூச்சப்படுகிறவர்கள் பேரை மறைத்துக் கொடுக்கலாம். நான் மறைக்கவில்லை, பள்ளிகொண்டாவிலிருந்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டி வந்துவிட்டு இதில் என்ன கூச்சம். என் கணக்கையே இங்கேயும் போடுகிறேன், படிக்கிற யாருக்காவது உதவும்.

2023 மார்ச் 31 அன்று சரக்கு 14 லட்சம், வர வேண்டிய பாக்கி 11, கையிலும் கரண்ட் அக்கவுண்ட்டிலும் 2, ஆக 27 லட்சம். கொடுக்க வேண்டியது: கம்பெனிகளுக்கு 9, சி.சி.யில் எடுத்தது 6, ஆக 15. மிச்சம் 12 லட்சம். ஒரு வருஷம் கழித்து 2024 மார்ச் 31 அன்று சரக்கு 19, பாக்கி 17, கையில் வெறும் ஐம்பதாயிரம், கூட்டினால் 36.5. கம்பெனிகளுக்கு 14, சி.சி. 14, ஆக 28. மிச்சம் எட்டரை. 12-க்கும் எட்டரைக்கும் நடுவில்தான் மேனேஜர் கேட்ட அந்த மூன்றரை லட்சம்.

இதுவரை எங்கள் ஆடிட்டர் ஃபாரத்திலும் இருந்தது. எங்கே போனது என்கிற பாதிதான் எனக்குப் புரியாமல் இருந்தது. சார் போர்டில் நடுவில் ஒரு கோடு போட்டார். வந்த பக்கம்: லாபம் 6 லட்சம். தேய்மானம் ஒன்றரை, அதைக் கூட்டுகிறோம், ஏனென்றால் தேய்மானம் என்று நோட்டில் எழுதினோமே தவிர யார் கையிலும் காசை எண்ணிக் கொடுக்கவில்லை. பழைய மினி லாரியை விற்றதில் நஷ்டம் முப்பதாயிரம், அதுவும் நோட்டில் எழுதிய நஷ்டம், அதையும் கூட்டினால் வியாபாரத்தில் இருந்து வந்தது 7.8 லட்சம். லாரி விற்றுக் கையில் வாங்கியது எழுபதாயிரம். மொத்தம் எட்டரை. போன பக்கம்: வேறொரு செகண்ட் ஹேண்ட் வண்டி 3 லட்சம், குடோனுக்காக வாங்கிப் போட்ட இடம் 5 லட்சம், வீட்டுக்கு எடுத்தது 4 லட்சம். மொத்தம் 12. வந்தது எட்டரை, போனது பன்னிரண்டு.

"இடத்துக்கும் வண்டிக்கும் எட்டு லட்சம் எதுல இருந்து கொடுத்தீங்க தம்பி?" என்றார். கடைப் பணத்தில் இருந்துதான் சார் என்றேன். "கடைப் பணம்னு தனியா ஒண்ணு இல்ல. சி.சி. ஆறுல இருந்து பதினாலு ஆச்சு பாருங்க, அதே எட்டு." ஹாலில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இடம் வாங்க டேர்ம் லோன் இருக்கிறது, வண்டிக்கு வண்டி லோன் இருக்கிறது, அஞ்சு வருஷம், ஏழு வருஷம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். நானோ எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக் கூடிய பணத்தை எடுத்து, திரும்பி வராத இடத்தில் புதைத்துவிட்டு, சரக்கு வாங்கக் காசில்லை, லிமிட்டை ஏற்று என்று பேங்கில் போய் நிற்கிறேன். மேனேஜர் ஏன் உதட்டைப் பிதுக்கினார் என்று ஒன்றரை வருஷம் கழித்துப் புரிந்தது.

பேங்குக்காரர்கள் இதை ஏன் இவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள் என்பதற்கும் சார் கதை வைத்திருக்கிறார், நான் ரசித்துக் கேட்டது அதுதான். 1974-ல் ரிசர்வ் வங்கி டாண்டன் குழுவை அமைத்தது, அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. அதுவரை சரக்கு எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஏற்ப கடன் என்று போய்க்கொண்டிருந்ததை, உன் சொந்தப் பணம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று கேட்க வைத்தது அந்தக் குழு. அதன் இரண்டாவது முறைப்படி மொத்த நடைமுறைச் சொத்தில் கால் பங்கு வியாபாரியின் நீண்ட காலப் பணமாக இருக்க வேண்டும். நடைமுறை விகிதம், அதாவது நடைமுறைச் சொத்தை நடைமுறைப் பொறுப்பால் வகுத்தது, 1.33-க்குக் கீழே போகக் கூடாது என்று பேங்கில் சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இதில் இருந்து வந்ததுதான். என்னுடையது 1.8-ல் இருந்து 1.3-க்கு இறங்கியிருந்தது. 36.5 லட்சத்தில் கால் பங்கு என்றால் 9 லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு, என்னிடம் இருந்தது எட்டரை, பற்றாக்குறை 62,500 ரூபாய். 1997-லேயே ரிசர்வ் வங்கி இந்த முறையை பேங்குகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது என்றாலும் பழக்கம் போகவில்லை என்றார். சின்ன யூனிட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் இன்னொரு குழுவான நாயக் குழு சொன்ன வழி இன்னும் சுலபம், அடுத்த வருஷ விற்பனையில் இருபது சதவீதம் பேங்க் தரலாம், ஐந்து சதவீதம் நம்முடையது. என் விற்பனை 90 லட்சம், அப்படிப் பார்த்தால் 18 லட்சம். நான் கேட்டது 25. எந்த நம்பிக்கையில் கேட்டேன் என்று தெரியவில்லை.

நாலாவது ஞாயிறு ட்ராயிங் பவர், அதாவது லிமிட் எவ்வளவு இருந்தாலும் கையில் இருக்கிற சரக்கையும் பாக்கியையும் வைத்து உண்மையில் எவ்வளவு எடுக்கலாம் என்கிற கணக்கு. மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோமே, அதில் நம்மூர் ஆட்கள் பலர் என்ன எழுதுகிறோம் என்று நமக்கே தெரியும், அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. உண்மையான கணக்கைப் போட்டார்கள். சரக்கு 19, அதில் இன்னும் காசு கொடுக்காத கம்பெனி பாக்கி 14 போனால் என் சரக்கு 5 லட்சம்தான், எங்கள் பேங்கில் அதில் 25 சதவீதத்தை மார்ஜின் என்று கழிப்பார்கள், ஆக 3.75. வர வேண்டிய 17 லட்சத்தில் 90 நாளுக்குள் உள்ளது 12, அதிலும் கால் பங்கு போனால் 9. மொத்தம் 12.75 லட்சம். நான் எடுத்திருந்தது 14. லிமிட் 15 இருக்கிறது, இன்னும் ஒரு லட்சம் எடுக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளில் உண்மையில் ஒன்றேகால் லட்சம் தாண்டி எடுத்திருக்கிறேன்.

மற்றவர்கள் கணக்கைக் கேட்பதும் பாடம்தான். ஆம்பூர் பாய்க்கு ஜாப் ஒர்க், தோல் பார்ட்டியுடையது, அதனால் சரக்கே கிடையாது. ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை தையல்காரப் பெண்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், ஏற்றுமதிப் பார்ட்டி தொண்ணூறு நாள் கழித்துத் தருகிறது. குடியாத்தத்தில் இருந்து வந்த லுங்கி வியாபாரிக்கு நேர் எதிர், நூல், தறி, சாயம், மடிப்பு என்று பணம் சரக்காகவே படுத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரி பக்கம் சர்ஜிக்கல் கடை வைத்திருப்பவர் காலையில் விற்றது சாயங்காலம் கல்லாவில் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தார், எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். சரக்கு கடையில் எத்தனை நாள் கிடக்கிறது, பாக்கி வர எத்தனை நாள், அதில் கம்பெனிக்காரன் நமக்கு விடுகிற நாளைக் கழி என்று ஒரு கணக்கு. எனக்கு சரக்கு 91 நாள், பாக்கி 69, கழிப்பது 63, ஆக 97 நாள். நான் இன்றைக்குப் போடுகிற ஒரு ரூபாய் திரும்பி வர மூன்று மாதத்துக்கு மேல். தண்டலுக்கு வாங்கி இந்த ஓட்டத்தை ஓட்ட முடியாது என்று பேப்பரில் பார்த்தால்தான் உறைக்கிறது.

சரி, குறைகள். நிறைய இருக்கின்றன.

முதலில், சாருக்கு ஃபண்ட் ஃப்ளோ மேல் ஒரு கண்மூடித்தனமான பாசம். பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1981-ல் கொண்டு வந்த மூன்றாவது கணக்கியல் தரத்தில் ஃபண்ட் ஃப்ளோ மாதிரியான நிதி நிலை மாற்ற அறிக்கைதான் இருந்தது, 1997-ல் அதைத் திருத்தி காசு வந்ததையும் போனதையும் மட்டும் பார்க்கிற ரொக்க ஓட்ட அறிக்கை ஆக்கிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு அவர் கால் மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. என் கணக்கே அதற்கு நல்ல உதாரணம். ஃபண்ட் ஃப்ளோவில் வியாபாரம் 7.8 லட்சம் கொண்டு வந்தது என்று ஜம்மென்று தெரிகிறது. ஆனால் அதில் சரக்காகப் போய் உட்கார்ந்தது 5, பாக்கியாக நின்றது 6, கம்பெனிக்காரர் கூடுதலாக விட்டது 5. இதையெல்லாம் போட்டால் வியாபாரத்தில் இருந்து கைக்கு வந்த காசு 1.8 லட்சம்தான். வீட்டுச் செலவுக்கே போதாது! மூன்று வருஷமாக போனை எடுக்காத ஒருத்தரின் பாக்கிகூட ஃபண்ட் ஃப்ளோவில் நடைமுறை மூலதனம் என்று மதிப்பாக உட்கார்ந்திருக்கும். சரக்கும் பாக்கியும் ஏற ஏற மூலதனம் ஏறியது என்று காட்டுகிற கணக்கை மட்டும் நம்பி வீட்டுக்குப் போனால் ஆபத்து. இதை நானும் அந்த பி.காம் பிள்ளைகளில் ஒரு பெண்ணும் கடைசி ஞாயிறு மதியம் உட்கார்ந்து போட்டோம், சார் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பெண்தான் போட்டது, நான் கால்குலேட்டர் தட்டினேன்.

இரண்டாவது, நோட்ஸ் பழசு. வருமான வரியில் வந்த நாற்பத்தைந்து நாள் விதியைப் பற்றி ஒரு வரி இல்லை. 2023-24 நிதியாண்டில் இருந்து, சிறு, குறு உற்பத்தியாளரிடம் வாங்கியதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லையென்றால் 15 நாள், அதைத் தாண்டி மார்ச் 31 அன்று பாக்கி வைத்திருந்தால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். என்னுடைய 63 நாளை வைத்துப் பாருங்கள், சப்மெர்சிபிள் கம்பெனிகளில் சிறு யூனிட் எத்தனையோ இருக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், என்னை மாதிரி வாங்கி விற்கிறவருக்கு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் பாக்கிக்காரரைப் பிடிக்க அந்தச் சிறு, குறு தொழில் சட்டம் உதவாது. கொடுக்கிற இடத்தில் நெருக்குகிறது, வாங்குகிற இடத்தில் கை விரிக்கிறது. நடைமுறை மூலதனம் பற்றி இன்றைக்கு வகுப்பு எடுக்கிறவர் இதைப் பேசாமல் விடுவது சரியில்லை.

மூன்றாவது, ஐந்தாம் ஞாயிறை முழுக்க டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேருக்குக் கொடுத்தார்கள், வேறொரு தம்பி வந்து எடுத்தார், வேகமாக மவுஸை ஆட்டிக்கொண்டே போனார், பின் பெஞ்சில் இருந்தவருக்குத் திரையே தெரியவில்லை. அன்றைக்கு வராமல் கடையைத் திறந்திருக்கலாம். ஹாலில் ரெண்டு ஃபேன், ஏ.சி. இல்லை. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சித்திரை, வைகாசி பேட்சில் சேராதீர்கள்.

பி.காம் பரீட்சைக்காக மட்டும் போகிறவர்களுக்கு இது கொஞ்சம் விலை அதிகம், அவர்கள் காலேஜ் பாடத்தில் இருக்கிற சீர்செய்த லாப நட்டக் கணக்கெல்லாம் இங்கே ஓரமாகத்தான் வரும். சி.சி. வைத்திருக்கிறவர்கள், வாங்கப் போகிறவர்கள், அடுத்த சந்தில் இடம் மலிவாக வருகிறது என்று கை அரிக்கிறவர்கள் கண்டிப்பாகப் போகலாம். என் கணக்கில் அஞ்சுக்கு மூன்றரை. அந்த மூன்றரையை வேண்டுமென்றேதான் கொடுத்தேன்.

நான் இடத்தின் மேல் டேர்ம் லோனுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வந்தால் நேராக சி.சி.யில் கட்டிவிடுவதாக உத்தேசம். இந்த முறை ஆறாவது ஃபாரத்தை நானே பென்சிலில் போட்டு ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்தேன். ஒரு இடத்தில் திருத்தினார்கள், 5,000 ரூபாய் மட்டும் குறையவில்லை.

சேர நினைக்கிறவர்கள் ரெண்டு வருஷ பேலன்ஸ் ஷீட்டையும் முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஹாலுக்குக் கீழேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.